டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸுக்கு என்ன கொடுக்கலாம்? ஸ்வீட் பாக்ஸைத் தாண்டி சில ஐடியாக்கள்!

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, பத்து நாள் வார்டு வாசமும் முடிஞ்சு, டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தாச்சு. கிளம்பும்போதுதான் மனசுக்குள்ள ஒரு எண்ணம் வரும். `ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டப்போ ஓடி வந்த சிஸ்டருக்கு, முகம் சுளிக்காம பெட்பேன் எடுத்த ஆயாம்மாவுக்கு, ஸ்ட்ரெச்சர் தள்ளின அண்ணனுக்கு ஏதாவது செய்யணுமே!'

உடனே பக்கத்துக் கடையில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி, நர்ஸ் டேபிளில் வைத்துவிட்டு வந்துடுவோம். தப்பே இல்லை. ஆனா, கொஞ்சம் யோசிச்சா அதே செலவில் இன்னும் அர்த்தமா நன்றி சொல்லலாம்.

முதல்ல ஒரு கோடு போட்டுக்கலாம்!

ரூபாய் நோட்டைக் கையில் திணிக்கிறது பரிசு இல்லை. குறிப்பா அரசு மருத்துவமனையில் வேண்டவே வேண்டாம். 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். கட்டாயத்தின் பேரில் கொடுக்க வேண்டி வந்தால், 7 நாள்களுக்குள் புகார் செய்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

இதில் சட்டத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கு. `குழந்தை பிறந்திருக்கு, ஏதாவது பார்த்து கொடுங்க' என்று யாராவது கேட்கும்போது, இல்லாதவங்க கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிடுது. நாம சந்தோஷத்தில் கொடுக்கிற 500 ரூபாய், பக்கத்து பெட்காரருக்கு `ரேட்' ஆகிடக் கூடாது, இல்லையா? அதனால எதுவா இருந்தாலும் சிகிச்சை முழுசா முடிஞ்ச பிறகு, சின்னதா, எல்லோருக்கும் தெரியும்படி கொடுங்க. தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் பரிசு வாங்கத் தடை உண்டு. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா, அவங்களுக்கும் தர்மசங்கடம் இல்லை.

மூணு ஷிஃப்ட்டையும் நினைச்சுக்கோங்க

பகல் 11 மணிக்கு வைக்கும் கேக், மதியத்துக்குள் காலி. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவங்களுக்கு வெறும் டப்பாதான் மிச்சம். எத்தனை ஷிஃப்ட்டோ, அத்தனை பாக்கெட்டாகப் பிரிச்சு, `நைட் டியூட்டிக்கு' என்று மேலே எழுதிடுங்க.

க்ரீம் வைத்த அயிட்டங்கள் வேண்டாம். தனித்தனியாகச் சுற்றிய கடலை மிட்டாய், வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சை, முறுக்கு பாக்கெட் எல்லாம் பெஸ்ட். தட்டு, ஸ்பூன் தேடாமல், இரண்டு நிமிஷ இடைவெளியில் சாப்பிட்டுவிட்டு ஓடலாம். சுகர் இருக்கிறவங்க அந்த டீமிலும் இருப்பாங்க என்பதால், காரமும் இருக்கட்டும்.

உண்மையிலேயே உபயோகப்படும் பொருள்கள்

பேனா: சார்ட் எழுத எழுத, யாராவது கடன் வாங்கிட்டுப் போக, வார்டில் எப்பவும் பஞ்சம் இதுக்குத்தான். நல்ல பேனா ஒரு பாக்ஸ் வாங்கி வைத்தால், மொத்த டீமும் வாழ்த்தும்.

ஹேண்ட் க்ரீம்: ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கை கழுவணும், அல்லது சானிட்டைசர் போடணும். தோல் வறண்டு வெடிச்சுடும். அதிக வாசனை இல்லாத க்ரீமா பார்த்து வாங்குங்க.

கம்ப்ரெஷன் சாக்ஸ்: மணிக்கணக்கில் நிற்கிற கால்களின் வீக்கத்தையும் வலியையும் குறைக்க உதவும். சைஸ் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

பாக்கெட்டில் மாட்டும் வாட்ச்: நாடித்துடிப்பை எண்ண விநாடி முள் தேவை. கிருமி பரவாமலிருக்க, முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், மோதிரம் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவமனைகளில் இது ரொம்ப வசதி.

அதே காரணத்தால் பிரேஸ்லெட், மோதிரம் எல்லாம் லிஸ்ட்டில் வேண்டாம். சென்ட்டும் வேண்டாம். குமட்டலில் இருக்கிற நோயாளிக்கு அந்த வாசனை கஷ்டம். பூங்கொத்தைப் பல ஐ.சி.யு-க்களில் உள்ளேயே விட மாட்டாங்க.

செலவே இல்லாத பெரிய பரிசு

ஒரு லெட்டர்! ஆமாங்க, பேப்பரில் எழுதின லெட்டர்.

2020 மார்ச் 22, மாலை 5 மணி ஞாபகம் இருக்கா? நாடே வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைத்தட்டியது. அந்தக் கொரோனா காலத்தில் தமிழக அரசு ஒப்பந்த முறையில் சேர்த்த செவிலியர்கள் பலருக்கு, 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது. அவங்க தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கைத்தட்டல் காத்தோட போயிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேணுமா?

நம்ம லெட்டர் ஒருத்தர் வேலையைக் காப்பாத்திடும் என்று சொல்லலை. ஆனா, அது ஃபைலில் இருக்கும். அப்ரைசல் நேரத்தில் எடுத்துக் காட்ட ஓர் ஆதாரமா இருக்கும். தேதி, வார்டு, பெயர், அவர் செய்த காரியம்... நாலே வரி போதும். `எல்லோரும் நல்லா பார்த்துக்கிட்டாங்க' என்று பொதுவாக எழுதாம, `அம்மா சாப்பிட மறுத்தப்போ, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார்' என்று எழுதுங்க. தனியார் மருத்துவமனையில் நர்ஸிங் சூப்பிரண்டுக்கும், அரசு மருத்துவமனையில் டீன் அல்லது கண்காணிப்பாளருக்கும் ஒரு காப்பி. சம்பந்தப்பட்டவருக்கு ஒரு காப்பி. துப்புரவுப் பணியாளர் பெயரையும் விட்டுடாதீங்க. அவங்களைப் பாராட்டி லெட்டர் வருவது ரொம்ப அபூர்வம்.

ரீல்ஸ் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்! அனுமதி கேட்காம சிஸ்டரை வீடியோ எடுத்து, `ரியல் ஏஞ்சல்' என்று போடுவது அன்பாகத் தோன்றலாம். பின்னணியில் தெரியும் நோயாளிக்கும், வேலையில் விளக்கம் சொல்ல வேண்டிய அவங்களுக்கும் அது தலைவலி.

கொஞ்சம் பெருசா செய்யணுமா?

நாலு பேர் சேர்ந்து வார்டுக்கு ஒரு வீல்சேர், நர்ஸ்கள் ரூமுக்கு ஒரு கெட்டில் என்று வாங்கித் தரலாம். தனிநபரிடம் கொடுக்காம, நிர்வாகத்திடம் கேட்டு, ரசீதோடு கொடுங்க.

பணமே வேண்டாம் என்றால், ரத்த தானம். 18 வயசு ஆகி, குறைந்தது 45 கிலோ எடையோடு ஆரோக்கியமா இருந்தா, ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். `ரத்தம் இல்லை' என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல வேண்டிய கஷ்டத்தை, ஒரு சிஸ்டருக்காவது அது மிச்சப்படுத்தும்.

மே 12, சர்வதேச செவிலியர் தினம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். ஆனா, அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். பில்லிங் கவுன்ட்டர் க்யூவில் எப்படியும் அரை மணி நேரம் நிற்கப் போறீங்க. அந்த நேரத்தில் பெயர்களைக் கேட்டு, போனில் குறிச்சு வெச்சுக்கோங்க. வீட்டுக்குப் போனதும் மறந்துபோற முதல் விஷயம் அதுதான்!