குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: சேரும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸுகள் பலருக்கு, நாலைந்து வருஷம் வார்டில் ஓடியபின் ஓர் எண்ணம் வருகிறது. எஃப்.என்.பி. படித்துவிட்டால் என்ன? குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட்டால் பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட் போய்விடும். கிளினிக்கில் உட்கார்ந்து கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரையும் பார்க்கலாம். தாமே பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவு செய்து, மருந்தும் எழுதலாம். சம்பளமும் கூடும். உழைத்துக் களைத்தவர்களுக்கு நியாயமான ஆசைதான் இது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கான இரண்டு மூன்று வருஷப் படிப்பில் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பாடம் புரியாமல் தோற்றவர்கள் அல்ல அவர்கள். சேரும் முன் யாரும் எடுத்துச் சொல்லாத விதிகளில் மாட்டிக்கொண்டவர்கள்.

இந்தப் பணி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பொதுச் சுகாதார நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும், மருத்துவர் எட்டாத இடங்களில் குழந்தைகளைக் கவனிக்க நர்ஸுகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் 104 வயதில் ஃபோர்டு மறைந்தபோது, அவர் தொடங்கியது அமெரிக்க ஆரம்பச் சுகாதாரத்தின் முதுகெலும்புகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. அதற்கான படிப்பை இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகள் விற்கின்றன. விற்கின்றன என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இணையத்தில் ஒரு முறை தேடிவிட்டால் போதும், அன்று மாலையே சேர்க்கை அலுவலரின் போன் வரும். அவர் கேட்பது எப்போது சேருகிறீர்கள் என்பதை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு.

முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியை அல்ல, நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் நர்ஸிங் போர்டை. அது யாருக்கு நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸ் கொடுக்கிறது? பெரும்பாலும் தேசியச் சான்றிதழ்த் தேர்வில் தேறியவருக்கு. எஃப்.என்.பி.க்கு அந்தத் தேர்வை இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன: ஏ.என்.சி.சி., ஏ.ஏ.என்.பி.சி.பி. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவரைத்தான் இவை தேர்வுக்கு அனுமதிக்கும். நர்ஸிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருபவை சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. என்ற மூன்று அமைப்புகள். பல்கலைக்கழகத்துக்குப் பொதுவான அங்கீகாரம் இருப்பது போதாது. நீங்கள் சேரும் அந்த நர்ஸிங் படிப்புக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய படிப்பு 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது' என்று சொன்னால், அது கிடைக்காமல் போனால் நஷ்டம் உங்களுடையது. கல்லூரி சொல்வதை ஒதுக்கிவிட்டு, அங்கீகார அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

2023 ஜனவரியில் வெளிவந்த 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். ஃபுளோரிடாவின் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களும் மதிப்பெண் பட்டியல்களும் விற்கப்பட்டிருந்தன. அவை அடிப்படை நர்ஸ் தகுதிக்கான சான்றுகள், எஃப்.என்.பி. சான்றுகள் அல்ல. ஆனால் அதன் பிறகு பல மாநில போர்டுகள் படிப்புச் சான்றுகளைத் துருவிப் பார்க்கின்றன. குறுக்கு வழியில் வாங்கிய காகிதம், பல வருஷம் கழித்தும் உள்ள லைசென்ஸைப் பறித்துவிடும்.

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்ஸிங் முடித்தவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய முதுகலைப் பட்டம் உங்கள் உழைப்புக்குச் சான்று, ஐயமில்லை. ஆனால் அதை மட்டும் காட்டி எஃப்.என்.பி. தேர்வு எழுத முடியாது. இந்திய நர்ஸிங் கவுன்சில் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் பட்டத்துக்கும் இதே நிலைதான். அது வேறு பணிக்கான பயிற்சி. முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பில் நேராகச் சேர முடியுமா, முழு முதுகலையும் மறுபடி படிக்க வேண்டுமா என்பது சான்று மதிப்பீட்டையும் கல்லூரியின் முடிவையும் பொறுத்தது. உயர்நிலை நோய் உடலியங்கியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்று பாடங்களைப் பெரும்பாலும் விட மாட்டார்கள். எந்தப் பாடத்துக்கு விலக்கு, எதற்கு இல்லை என்ற பட்டியலைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

நம் குடும்பங்களை அதிகம் கடிக்கும் சிக்கல் வேறொன்று. கணவரின் ஐ.டி. வேலை மாறும். நியூஜெர்சியில் இருந்தவர்கள் டெக்சாஸுக்குப் போவார்கள். ஆன்லைன் படிப்புதானே, எங்கிருந்தாலும் படிக்கலாம் என்று நினைப்போம். வகுப்பு ஆன்லைனில் நடக்கலாம், ஆனால் நோயாளியைப் பார்க்கும் பயிற்சி நீங்கள் இருக்கும் மாநிலத்தில்தான் நடக்கும். அந்த மாநிலம் அந்தக் கல்லூரிக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மத்திய விதிப்படி, அரசுக் கல்விக் கடன் திட்டத்தில் உள்ள கல்லூரிகள், நீங்கள் சேரும்போது வசிக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் தேவைகளைத் தங்கள் படிப்பு நிறைவு செய்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். 'சேரும்போது' என்பதைக் கவனியுங்கள். பாதியில் வீடு மாறினால் அந்தப் பாதுகாப்பு உங்களோடு மாறி வராது. இடம்பெயரும் வாய்ப்பு இருந்தால், போகக்கூடிய மாநிலங்களின் பெயரைச் சொல்லி 'அங்கும் செல்லுமா' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

பயிற்சி நேரம் யார் பொறுப்பு?

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். எஃப்.என்.பி. படிப்பில் புத்தகத்தைவிடப் பெரியது கிளினிக்கல் நேரம். அனுபவமுள்ள ஒரு பிராக்டிஷனரோ மருத்துவரோ பக்கத்தில் இருக்க, நீங்கள் நோயாளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நேரம். அப்படிக் கற்றுக்கொடுப்பவரைப் பிரிசெப்டர் என்பார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான தேசியத் தர விதிகள் நெடுங்காலம் 500 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருந்தன. 2022இல் அதை 750 ஆக உயர்த்தின. உயர்த்தியது சரியே. குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, முதியவர் என்று எல்லோரையும் பார்க்கப் போகிறவருக்கு அந்த நேரம்கூடக் குறைவுதான். வார்டில் இருபது வருஷம் நின்ற அனுபவம் இந்தக் கணக்கில் சேராது.

பல கல்லூரிகள் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, 'பிரிசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுகின்றன. டியூட்டி முடித்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ஊரிலுள்ள கிளினிக்குகளுக்கெல்லாம் ஒரு நர்ஸ் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பதில் வருவதில்லை. தெரிந்த டாக்டர் குடும்பம் உள்ளவருக்கு இடம் கிடைக்கிறது. நேற்று வந்திறங்கியவருக்கு யாரைத் தெரியும்? இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பருவம் வீண். படிப்பு நீளும், கடனும் நீளும். இந்தத் தவிப்பை வைத்துப் பிரிசெப்டர் தேடித்தரும் நிறுவனங்கள் முளைத்து, ஒரு சுற்றுப் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குகின்றன. பயிற்சி இடத்தையும் பிரிசெப்டரையும் ஆராய்ந்து ஏற்பதும், பிறகு மதிப்பிடுவதும் கல்லூரியின் கடமை என்று அதே தர விதிகள் சொல்கின்றன. ஒரு படிப்பின் உயிர்ப் பகுதியை மாணவியின் தலையில் கட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

ஆகவே சேரும் முன் கேளுங்கள்: எனக்கு இடம் ஏற்பாடு செய்வது யார்? என் வீட்டிலிருந்து எத்தனை மைலுக்குள்? இடம் கிடைக்காத பருவத்துக்குக் கட்டணம் உண்டா? கடந்த ஆண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு இடம் தாமதமானது? 'உதவி செய்வோம்' என்பது பதில் ஆகாது. 'நாங்கள் ஏற்பாடு செய்வோம்' என்று மாணவர் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கற்றுக்கொடுப்பவர்களை ஈர்க்க ஜார்ஜியா, மேரிலாந்து, ஹவாய் போன்ற மாநிலங்கள் பிரிசெப்டர்களுக்கு வருமான வரிச் சலுகை தருகின்றன. அந்த மாநிலங்களில் இருப்பவர்கள் கிளினிக்கை அணுகும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

பணமும் ஒப்பந்தமும்

அரசுக் கல்விக் கடன் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் கைக்காசை அல்லது தனியார் கடனை நம்ப வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், முதுகலை மாணவர்களுக்கான 'கிராட் பிளஸ்' கடனை 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்துகிறது. முதுகலைக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பும் வைக்கிறது. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மொத்த வரம்பு இதைப்போல் இரு மடங்கு. கல்வித் துறை 2025 நவம்பரில் முன்வைத்த தொழிற்படிப்புப் பட்டியலில் நர்ஸிங் இல்லை. நர்ஸ் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. எனவே மொத்தச் செலவுக்கும் அரசுக் கடன் போதுமா என்று முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

மருத்துவமனை படிப்புக்குப் பணம் தருவதும் உண்டு. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அப்படி வரும் உதவிக்கு வருமான வரி இல்லை. ஆனால் அதன் பின்னால் 'இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும்' என்ற காகிதம் வரும். அதை வரிவரியாகப் படியுங்கள். சொன்ன காலத்தில் பாதி வேலை செய்திருந்தால் கட்ட வேண்டியது பாதியாகக் குறையுமா? அவர்களே வேலையை விட்டு நீக்கினாலும் கட்ட வேண்டுமா? நியூயார்க்கில் ஒரு முதியோர் இல்லக் குழுமத்தில் வேலை பார்த்த ஃபிலிப்பினோ நர்ஸுகள், 25,000 டாலர் அபராதம் கேட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த அபராதம் செல்லாது என்றும், அதைக் காட்டி மிரட்டி வேலை வாங்கியது ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தை மீறியது என்றும் 2019இல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா, 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் இத்தகைய 'இரு அல்லது கட்டு' ஒப்பந்தங்களைச் சில விதிவிலக்குகளோடு தடை செய்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

கடனைக் குறைக்க நல்ல வழிகளும் உள்ளன. மத்திய அரசின் 'நர்ஸ் கோர்' திட்டம், ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் இரண்டு ஆண்டு வேலை செய்தால் தகுதியுள்ள நர்ஸிங் கடனில் 60 சதவீதத்தையும், மூன்றாம் ஆண்டும் தொடர வாய்ப்புக் கிடைத்தால் மேலும் 25 சதவீதத்தையும் கட்டுகிறது. இதற்குக் கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பட்டம் வாங்கிய பிறகு வரும் முதல் வருஷம்தான் பலரை உலுக்குகிறது. நேற்று வரை மருத்துவரின் ஆணையை நிறைவேற்றியவர், இன்று தாமே முடிவெடுக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு நோயாளி. இதை உணர்ந்து மார்கரெட் ஃப்ளின்டர் 2007இல் கனெக்டிகட்டின் சமூக சுகாதார மையமொன்றில் 12 மாத ரெசிடென்சிப் பயிற்சியைத் தொடங்கினார். அதன்பின் நாடெங்கும் அத்தகைய பயிற்சிகள் பெருகின. அது கட்டாயமில்லை, அந்த வருஷம் சம்பளமும் குறைவு. ஆனாலும் கிளினிக் அனுபவம் இல்லாமல் மருத்துவமனையிலிருந்து நேராக வருபவருக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பயிற்சியில் உங்களுக்கென ஒதுக்கிய வழிகாட்டி உண்டா, நோயாளி எண்ணிக்கை படிப்படியாகக் கூடுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். புதியவர்களை மலிவு விலை ஊழியராக்கி, பயிற்சி என்று பெயர் வைக்கும் இடங்களும் இருக்கின்றன.

எஃப்.என்.பி. ஆரம்பச் சுகாதாரத்துக்கான தகுதி. ஐ.சி.யு.வில் வேலை கிடைக்கிறது, ஆளும் எடுக்கிறார்கள் என்று சேர்ந்தால், போர்டு கேள்வி கேட்கும்போது மருத்துவமனை பின்னால் நிற்காது. 2008இல் நர்ஸ் அமைப்புகள் ஒப்புக்கொண்ட பொது மாதிரி, எந்த மக்கள் பிரிவுக்குப் படித்தீர்களோ அந்த எல்லைக்குள் வேலை செய்யச் சொல்கிறது. டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களில் இது கண்டிப்பாகவே பார்க்கப்படுகிறது. டெக்சாஸில் மருந்து எழுதவும் மருத்துவர் ஒருவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அரிசோனாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் வேண்டாம். வேலை ஒப்பந்தத்தில் தொழில் காப்பீட்டையும் பாருங்கள். சில காப்பீடுகள் வேலையை விட்ட நாளோடு முடிந்துவிடும். பிறகு வரும் வழக்குக்கான நீட்டிப்புத் தொகையை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இடையில் சிக்கல் வந்தால்

படிக்கும்போது கர்ப்பமானால் பயந்து படிப்பை விடாதீர்கள். மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரி, 'டைட்டில் நைன்' சட்டப்படி, மருத்துவத் தேவைக்கான விடுப்பைத் தந்து, பழைய நிலையிலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கல்விப் பதிவுகளைப் பார்க்கவும் உரிமை உண்டு. 'ஃபெர்பா' சட்டப்படி, கேட்ட 45 நாளுக்குள் கல்லூரி காட்டியாக வேண்டும். கிளினிக்கல் நேரக் கணக்கு, பிரிசெப்டர் கையெழுத்துகள், பாடத்திட்டம் எல்லாவற்றையும் பருவம் முடியும்போதே நகல் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு மாநிலம் கேட்கும்போது அந்தக் கல்லூரி திறந்திருக்குமோ என்னவோ.

கல்லூரி சொன்ன வாக்கை மீறினால் முதலில் துறைத் தலைவருக்கு எழுதுங்கள். பிறகு கல்லூரியின் முறையான புகார்க் குழுவுக்கு. அங்கும் தீராவிட்டால் நர்ஸிங் அங்கீகார அமைப்புக்கு. அது உங்கள் பணத்தை வாங்கித் தராது. ஆனால் தரவிதி மீறல் என்றால் கல்லூரி பதில் சொல்லியே ஆக வேண்டும். மாநில உயர்கல்வி அலுவலகமும் புகார் வாங்கும். வேலைவாய்ப்பு, லைசென்ஸ் தகுதி பற்றிப் பொய் சொல்லிச் சேர்த்திருந்தால், அரசுக் கடன் வாங்கியவர்கள் கடன் ரத்து கோரி மத்திய கல்வித் துறைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது, சேரும் முன் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சேர்க்கை அலுவலர் அனுப்பிய மின்னஞ்சல்தான். போனில் சொன்னதாக இருந்தால், அன்றே 'நீங்கள் இன்று சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று அவருக்கே எழுதி அனுப்பி, தேதியோடு சேமித்து வையுங்கள்.