கை சுடும் டார்ச் கெட்ட டார்ச் அல்ல!
இரவுக் காவலுக்குப் போகும் எல்.இ.டி. விளக்கு சீக்கிரம் சாவது ஏன்?

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பேரணாம்பட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊரைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போனால் பத்தலப்பல்லி, குண்டலப்பல்லி, அரவட்லா என்று காட்டை ஒட்டிய கிராமங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்தின் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளில் இருந்து நகர்ந்து வந்த யானைகள் அங்கே தங்கிவிட்டன. 1990-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. நெல் கதிர் முற்றும்போதும், வாழை தார் விடும்போதும், மாங்காய் பருக்கும்போதும் இந்தப் பக்கம் இறங்கி வரும்.

இதனால் இங்குள்ள விவசாயிகளுக்கு இரவுக் காவல் என்பது சாகுபடி வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. காவலுக்குப் போகிறவர் கையில் தவறாமல் இருப்பது எல்.இ.டி. டார்ச். 'பல வருஷம் உழைக்கும்' என்று சொல்லி விற்கப்படும் அந்த டார்ச், பல வீடுகளில் ஒரு மாம்பழ சீசனைக்கூடத் தாண்டுவதில்லை. வாங்கிய புதிதில் தோப்பின் மறுகோடி வரை அடித்த வெளிச்சம், சில மாதங்களில் வரப்பைக் காட்டவே திணறுகிறது. பழி பேட்டரி மேல் விழுகிறது. ஆனால், பாதி நேரம் குற்றவாளி வேறு. அது சூடு.

வெளிச்சம் குளிர்ச்சி... விளக்கு சூடு!

பழைய குண்டு பல்ப் டார்ச்சில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போனது. ஆனால், அந்த வெப்பம் வெளிச்சத்தோடு சேர்ந்து முன்பக்கமாகக் கதிராக வெளியேறிவிடும். எல்.இ.டி. அப்படி இல்லை. அதன் வெளிச்சத்தில் சூடு கிடையாது. உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. மீதி, சில்லு உட்கார்ந்திருக்கும் அடிப்பக்கத்தில் வெப்பமாகத் தேங்குகிறது.

10 வாட் டார்ச் என்றால் 6 முதல் 7 வாட் வெப்பம். கேழ்வரகு மணி அளவே உள்ள சில்லில் இவ்வளவு வெப்பம் பிறக்கிறது. அது வெளியே போக ஒரு பாதை வேண்டும். சில்லில் இருந்து அடியில் உள்ள அலுமினியத் தகடு, தகட்டில் இருந்து டார்ச்சின் தலைப்பகுதி, அங்கிருந்து உடல், கடைசியில் காற்றும் பிடித்திருக்கும் கையும். வாய்க்காலில் தண்ணீர் போவது போலத்தான் இதுவும். நடுவில் ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டால் மேலே தேங்கும்.

அப்படித் தேங்கினால் முதலில் வெளிச்சம் குறையும். சில்லின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, 25 டிகிரியில் தந்த ஒளியில் 10 முதல் 20 சதவிகிதம் வரை குறைந்துவிடும். ஆறினால் திரும்பி வரும். ஆனால், அந்தச் சூட்டிலேயே தினமும் எரிந்தால், சில்லின் மேல் இருக்கும் மஞ்சள் பூச்சும் அதை மூடிய சிலிகானும் பழுக்கும், நிறம் மாறும். இந்த இழப்பு திரும்பி வராது. பெரும்பாலான பவர் எல்.இ.டி.களுக்கு 125 முதல் 150 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் ஆயுள் மளமளவென்று குறையும்.

பிளாஸ்டிக் உடல் செய்யும் கெடுதல்

மலிவான டார்ச்களில் வாய்க்கால் தொடங்கும் இடத்திலேயே அடைப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது. உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கும், வெளியே கைக்குக் குளுகுளுவென்று இருக்கும். பார்ப்பவர் 'சூடே ஆகாத நல்ல டார்ச்' என்று நினைப்பார்.

உண்மை நேர்மாறு. அலுமினிய உடல் கொண்ட டார்ச், முழு வெளிச்சத்தில் எரியும்போது தலைப்பகுதி கைக்கு நன்றாகச் சூடு தெரிந்தால், வெப்பம் ஒழுங்காக வெளியே வருகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் விழுந்துவிட்டது, ஆனால் தலைப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது என்றால் வெப்பம் உள்ளேயே சிக்கியிருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சூடு தலைப்பக்கம் தெரிய வேண்டும். பேட்டரி இருக்கும் பக்கம் சுட்டால் அது பேட்டரிக் கோளாறு. உடனே அணைத்துவிட வேண்டும்.

சிறு சிறு எல்.இ.டி.கள் பூப்போல வட்டமாக வைத்த டார்ச்களில் ஒவ்வொன்றாக அணைந்து போவதற்கும் சூடுதான் காரணம். அந்த 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.க்கு வெப்பம் வெளியேற இரண்டு மெல்லிய கம்பிக் கால்கள் மட்டுமே வழி. வழக்கமாக 20 மில்லி ஆம்பியர் தாங்கும். வெளிச்சம் கூட வேண்டும் என்று அதற்கு மேல் கொடுத்துவிடுகிறார்கள். எல்.இ.டி. சூடாக ஆக, அதே பேட்டரியில் இருந்து இன்னும் கூடுதல் கரன்ட் இழுக்கும். கரன்ட் கூடினால் சூடு மேலும் கூடும். ஒன்று போனதும் அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் ஏறும். பிறகு வரிசையாகப் போகும்.

வாங்கும்போது கணக்குப் போடுங்கள்

சந்தையில் 18650 என்ற லித்தியம் பேட்டரி போட்ட டார்ச்கள் நிறைய வருகின்றன. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நல்ல கம்பெனி பேட்டரியிலேயே கொள்ளளவு பொதுவாக 3,500 எம்.ஏ.எச். அளவில்தான் நிற்கும். மேலே 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது நம்பத்தக்கதல்ல. தரமான பேட்டரி சுமார் 45 கிராம் எடை இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. 3,500 எம்.ஏ.எச். பேட்டரியில் ஏறத்தாழ 13 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. 10 வாட் டார்ச்சை முழு வெளிச்சத்தில் எரித்தால் ஒரு மணி நேரம் சொச்சம் வரும். 'முழு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தால், ஒன்று வாட் பொய், இல்லை நேரம் பொய்.

* உடல் அலுமினியமாக இருக்கட்டும். குறைந்தது தலைப்பகுதியாவது உலோகமாக இருக்க வேண்டும்.
* தலையில் வெட்டுவெட்டாகப் பள்ளங்கள் இருந்தால் நல்லது. காற்று படும் பரப்பு கூடும்.
* குறைந்த வெளிச்சம், அதிக வெளிச்சம் என இரண்டு நிலைகள் உள்ளதை வாங்குங்கள்.
* எல்.இ.டி. கைவிளக்கு, லித்தியம் பேட்டரி இரண்டும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவில் வருபவை. 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.
* பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட பில்தான் சாட்சி.

இருக்கும் டார்ச்சைக் காப்பாற்றும் வழி

முழு வெளிச்சம் தேவைப்படும் நேரம் கொஞ்சம்தான். நடக்கும்போது குறைந்த நிலையே போதும். சத்தம் கேட்கும் திசையைப் பார்க்க மட்டும் கூட்டுங்கள், பார்த்ததும் குறையுங்கள். சூட்டைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

டார்ச்சுக்குத் துணியோ ரெக்சினோ தோல் உறையோ போட்டு எரிக்க வேண்டாம். தோலும் வெப்பத்தை அடைத்துக்கொள்ளும். உறை எடுத்துச் செல்ல மட்டும்தான். தலைப்பகுதியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். தலையைக் கழற்றி, மரையில் உள்ள தூசியைத் துடைத்து இறுக்கமாகத் திருகினால் வெப்பமும் நன்றாகக் கடக்கும். மின் தொடர்பும் சரியாகும்.

வேலூர் வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையிலும் வண்டியின் சீட்டுக்கு அடியிலும் டார்ச்சைப் போட்டு வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யக் கூடாது. காவல் முடிந்து வந்ததும் சூட்டோடு சூடாகச் சார்ஜ் போடாமல், அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். படுக்கைக்கு அருகிலும் வைக்கோல் அருகிலும் வேண்டாம்.

பழுது பார்க்கக் கொடுத்தால் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எல்.இ.டி. தகட்டுக்கு அடியில் ஹீட்சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவ வேண்டும். பசையோ இரட்டைப் பக்க டேப்போ வைத்து ஒட்டக் கூடாது. 1 வாட் இருந்த இடத்தில் 3 வாட் போடச் சொல்லாதீர்கள். உடலால் தாங்க முடியாத சூடு, புது எல்.இ.டி.யையும் கொன்றுவிடும்.

டார்ச் யானையை விரட்டும் கருவி அல்ல

வெளிச்சம் பலமாக இருந்தால் யானை ஓடிவிடும் என்று நம்பி அருகில் போவது உயிருக்கு ஆபத்து. கண்ணில் ஒளி பட்ட யானை திரும்பிப் போகலாம்; வெளிச்சம் வந்த திசையிலேயே பாயவும் செய்யலாம். டார்ச் என்பது வழி பார்க்கவும், யானை எங்கே நிற்கிறது என்று தூரத்தில் இருந்தே தெரிந்துகொண்டு விலகவும்தான். தனியாகப் போகாதீர்கள். இருவர் போனால் இரண்டு டார்ச். ஒன்று சூடேறி மங்கினால் அணைத்து ஆறவிட்டு, மற்றொன்றை எரிக்கலாம். யானை தென்பட்டால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு தார் வாழையைவிடக் காவல் போனவர் வீடு திரும்புவதுதான் முக்கியம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: வெளிச்சம் குறைவது சூட்டாலா, பேட்டரியாலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முழுதாகச் சார்ஜ் செய்து எரியவிடுங்கள். மங்கியதும் அணைத்து, 15 நிமிடம் ஆறவிட்டு, சார்ஜ் போடாமல் மறுபடி எரியுங்கள். முன்பு எரிந்த அதே அளவு நேரம் மீண்டும் பளிச்சென்று எரிந்தால் சூடுதான் காரணம். சிறிது நேரம் மட்டும் எரிந்து, ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் பேட்டரி.

கேள்வி: சார்ஜில் இருக்கும்போதே டார்ச்சைத் திறந்து பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் மலிவு டார்ச்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் எல்லாக் கம்பியிலும் வீட்டு மின்சாரமே ஓடலாம். தொட்டால் உயிர் போகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: சீசன் முடிந்த பிறகு டார்ச்சை எப்படி வைப்பது?

பதில்: 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி என்றால் முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள், மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ் போடுங்கள். காலியாக வைத்தால் உள்ளே உப்புப் படிந்து செத்துவிடும். லித்தியம் என்றால் பாதி சார்ஜில், நிழலான இடத்தில் வைத்தால் போதும். உப்பிய பேட்டரியைத் தீயில் போடாமல், குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.