சாக்பீஸும் செஞ்சிக் கோட்டையும்

பொருள், பண்பு, பயன் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாள். முதல் இரண்டு வரிசையை டீச்சரே நிரப்பிக் கொடுத்திருந்தார். கண்ணாடி – ஒளி ஊடுருவும் – ஜன்னல். ரப்பர் – இழுத்தால் நீளும் – முடிக்குப் போடும் பேண்ட். மீதி ஐந்தைப் பிள்ளைகள் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கிற என் அண்ணன் மகள் அந்தத் தாளை நாலாக மடித்து பென்சில் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டுதான் செஞ்சிக்கு பஸ் ஏறினாள்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், செஞ்சி ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே கோட்டை வந்துவிடும். சாலையே கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. இடது கைப்பக்கம் ராஜகிரி, வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, பின்னால் தள்ளி சந்திரகிரி. மூன்று மலைகளையும் சுற்றி வளைத்து ஓடுகிற மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை. ராஜா தேசிங்கு 1714இல் சண்டையிட்டு மாண்ட கோட்டை. பிறகு பிரெஞ்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து இடம்பிடித்தது இது ஒன்றுதான். இந்தக் கதையெல்லாம் எங்கு வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும். எங்களுக்கு அன்று வேலை வேறு. நிரப்புவதற்கு ஐந்து வரிசை இருந்தது.

முதல் வரிசைக்கு யோசிக்கவே தேவையில்லை. எங்கு பார்த்தாலும் கருங்கல். செஞ்சி மலைகள் மண் மூடிய மலைகள் அல்ல. யானை யானையாக உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டி அடுக்கியதுபோல இருக்கும். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமிக்குள் ஆழத்தில் கொதித்த குழம்பு மெல்ல ஆறி இறுகியது இந்தக் கல். உடைந்த முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கண்ணாடித்துண்டு மாதிரி மின்னுவது குவார்ட்ஸ், மங்கலான வெள்ளையோ இளஞ்சிவப்போ ஃபெல்ட்ஸ்பார், கரும்புள்ளி தட்டியது மைக்கா. மெல்ல ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வளர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக் கிடக்கின்றன. கோட்டை கட்டியவர்கள் பாதி வேலையை இந்தப் பாறைகளிடமே விட்டுவிட்டார்கள். பெரும்பாறை நிற்கிற இடத்தில் மதில் கிடையாது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கிற இடுக்கைத்தான் அடைத்திருக்கிறார்கள்.

"கல்லு – கடினம். எழுதிட்டேன் சித்தப்பா" என்றாள்.

"அவசரப்படாதே" என்று சொல்லி, அவள் பெட்டியிலிருந்த சாக்பீஸை வாங்கினேன். தரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னேன். விரல் வெளுத்ததுதான் மிச்சம், சாக்பீஸ் அசையவில்லை. அடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைக்கச் சொன்னேன். டிக். ஒரே சாக்பீஸ்தான், ஒரே கைதான். நசுக்கினால் தாங்கியது, வளைத்தால் ஒடிந்தது. ஒரு பொருளை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுபடுகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற மயிரிழை விரிசல்கள் அந்த இழுப்பில் வாய் பிளக்கும். நசுக்கும்போது அதே விரிசல்கள் மூடிக்கொள்ளும். கருங்கல்லுக்கும் இதே குணம்: அது தாங்குகிற நசுக்கு விசையில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பு விசையைத் தாங்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் இருக்கிற வெங்கடரமணர் கோயில் மண்டபத்துக்குள் போய் நின்றால், தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது புரியும். அழகுக்காக நட்டது பாதிதான். தூண் நசுக்கு விசையைத் தாங்குவது, அதில் கல் சூரன். தூணுக்குத் தூண் குறுக்கே படுக்கவைத்த உத்தரம் வளைவை எதிர்கொள்வது, அதில் கல் சோடை. எனவே உத்தரத்தைக் குட்டையாக வைத்தாக வேண்டும். குட்டை உத்தரம் என்றால் தூண்கள் கிட்டக் கிட்ட வரவேண்டும். இப்படிச் செதுக்கிய தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். அங்கே அவற்றுக்குச் சுமையே கிடையாது. வானத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கின்றன.

கல்லின் இந்தப் பலவீனமே கல்லுடைப்பவருக்குப் பிழைப்பு. பெரிய பாறையைச் சம்மட்டியால் அடித்து நொறுக்க முடியாது. உளியால் வரிசையாகக் குழி எடுத்து, குழிக்கு ஓர் ஆப்பு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால், ஆப்பு கல்லை இரண்டு பக்கமும் பிளந்து இழுக்கும். இழுப்புக்குத்தான் கல் தாங்காதே. கோடு போட்டதுபோல் பிளந்துவிடும். கோட்டைப் பாறைகளின் ஓரத்தில் பல் வரிசை மாதிரி தெரிகிற குழிகள் இந்த வேலையின் தடம்.

கல்யாண மகாலுக்கு வந்தோம். நடுவில் ஏழெட்டு அடுக்காக மேலே மேலே ஏறி, உச்சியில் கூம்பாக முடிகிற மண்டபம். கீழேயிருந்து மேல்வரை கல்லாலேயே கட்டியிருக்கலாமே, செங்கல் எதற்கு என்று தோன்றும். ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. அதே அளவு செங்கல் 50 கிலோ பக்கம். மேல் மாடி கனக்கக் கனக்கக் கீழ்ச்சுவர் தடித்தாக வேண்டும். அதோடு செங்கல்லை ஒருவர் ஒரு கையால் எடுத்து இன்னொருவரிடம் வீசலாம், வேண்டிய வளைவுக்கு அடுக்கலாம். வளைவாக அடுக்கினால் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நசுக்கிக்கொண்டு நிற்கும். இழுப்பு என்பதே வராது. உத்தரம் இல்லாமல் அகலமான வாசலும் கூரையும் கிடைத்தது இப்படித்தான்.

சுவர் ஓரமாக விழுந்து கிடந்த உடைந்த செங்கல் மேல் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். சொய் என்று உறிஞ்சிக்கொண்டது. பக்கத்துக் கருங்கல் மேல் ஊற்றியது வழிந்தோடியது. களிமண்ணைச் சூளையில் சுடும்போது, அதிலிருந்த ஈரம் போன இடமெல்லாம் நுண்துளையாக நின்றுவிடுகிறது. நன்கு சுட்ட செங்கல்கூடத் தன் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கொத்தனார்கள் கட்டுவதற்கு முன் செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போடுவது இதனால்தான். தாகத்தோடு இருக்கும் செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் கலவை பிடிக்காது.

பிடிக்க வைப்பது சுண்ணாம்பு. எனக்கு இந்தக் கோட்டையிலேயே பெரிய அதிசயம் இந்த வெள்ளைப் பொருள்தான். பீரங்கியைப் பார்க்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி அளவுக்குச் சூளையில் சுட்டால், உள்ளே கட்டுண்டிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லைப் போட்டால் 56 கிலோதான் திரும்பக் கிடைக்கும். மீதி 44 கிலோ காற்றோடு போச்சு. சுட்ட கட்டியின் மேல் தண்ணீர் தெளித்தால் அடுப்பில்லாமலே கொதித்து, வெடித்து, வெண்ணெய் மாதிரி குழையும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசியதும், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிவிடும். கல்லைக் குழம்பாக்கி, வேண்டிய இடத்தில் தடவி, திரும்பக் கல்லாக்குகிற வித்தை. இந்தத் திரும்புதலுக்கு மாதக்கணக்கு, தடித்த சுவரின் உள்பக்கத்தில் ஆண்டுக்கணக்கு ஆகும். நம்மூர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்ப்பது பழைய வழக்கம். கலவை வழவழப்பாகக் கரணைக்கு இணங்கி வரும், கெட்டியாகவும் இறுகும்.

பழைய சுவரில் விரிசல் கண்ட இடத்தில் சிமெண்டை அப்புகிற பழக்கம் ஊர்க்கோயில்களில் நிறைய உண்டு. பார்த்தால் வயிறு எரியும். சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. செங்கல்லுக்குள் புகுந்த தண்ணீர் வெளிவர வழியின்றி உப்போடு உள்ளேயே தங்கி, செங்கல்லைப் பொடியாக உதிர்த்துவிடும். கடைசியில் சிமெண்ட் மட்டும் ஓடு மாதிரி நிற்கும். சுண்ணாம்பு மெத்து, சுவர் கொஞ்சம் அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும், ஈரத்தை மூச்சுவிட விடும். கெட்டியானதே உயர்ந்தது என்ற நம் எண்ணத்தைப் பழைய சுவர்கள் ஏற்பதில்லை.

கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்ததும், "ஏசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். தடிமனான சுவர், வளைவுக் கூரை, பேருக்குத் திறப்பு. பகல் வெயில் அந்தச் சுவரைத் துளைத்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நெல்லுக்கு எதிரி ஈரமும் பூச்சியும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும், சூடு ஏறும். செஞ்சி ஊருக்குள் இன்றைக்கும் நெல் வரத்துள்ள விற்பனைக்கூடம் இருக்கிறது. அங்கே அடுக்கியிருக்கிற மூட்டைகளில் சணல் சாக்கு காற்று புக விடும், மழை பெய்தால் நனைந்துவிடும். பிளாஸ்டிக் சாக்கு இரண்டிலும் நேர்மாறு. கிருஷ்ணகிரி மேலே களஞ்சியங்களோடு எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனிக் கிணறே கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னபோது, "நெய்யை வாளி போட்டு இழுப்பாங்களா?" என்று வாயைப் பிளந்தாள். செங்கல் எண்ணெயையும் குடிக்குமே என்று அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள். குடிக்கும். உட்புறம் வழவழவென்று காரை பூசித் துளைகளை அடைத்தால்தான் எண்ணெய் தங்கும்.

ராஜகிரிப் படிகளில் பாதி ஏறும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. ஒரு காலை வெறும் படியில் வைத்தவள் "ஆ" என்று துள்ளிப் பக்கத்திலிருந்த சருகின் மேல் குதித்தாள். மணி பதினொன்று. கல்லுக்கும் சருகுக்கும் ஒரே வெயில்தான். ஆனால் கல் தன்னிடமுள்ள சூட்டைக் காலுக்குச் சட்டென்று கடத்தும். சருகும் மரமும் கஞ்சத்தனமாகக் கடத்தும். விடியற்காலையில் இதே படி சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். அப்போது நம் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. ஒரு ஊக்கை மாட்டிச் செருப்பைச் சரிசெய்தேன். வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் தாவுகிற கம்பி. அதற்கும் ஒரு வரிசை கிடைத்தது.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் கேட்டாள்: "இவ்ளோ வாசல் வந்தோமே, ஒண்ணுலகூடக் கதவு இல்லையே சித்தப்பா?"

ஒரு வாசலின் கல்நிலையைக் காட்டினேன். மேலும் கீழும் உருண்டையாகக் குழி. கதவுக் குடுமி நின்று சுழன்ற இடம். கதவு போய்விட்டது, குழி நிற்கிறது. மரம் உயிரிருந்த பொருள் என்பதால் அதைத் தின்னவும் உயிர்கள் உண்டு: கரையான், பூஞ்சை, வண்டு. அவை விட்டதை நெருப்பு தின்னும். நாம் இன்று பார்க்கிற செஞ்சி, மரமும் ஓலையும் துணியும் கழிந்து போன மிச்சம்.

மலை உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை திடீரென்று அறுந்துவிடும். நடுவே ஒரு பிளவு. 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது ஏறுகிறவர்களுக்காகப் பாலம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இருந்தது மரப்பாலம். கல்லுக்குப் பஞ்சமே இல்லாத மலையில், இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் மரம்? 24 அடிக்கு ஒரே கல்லைக் குறுக்கே போட்டால் சாக்பீஸ் கதைதான். மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் இழுப்பைத் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். வளைவு கட்டிக் கல்பாலமே அமைத்திருக்கலாம், தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எதிரி வந்தால் கல்பாலத்தை இழுத்துக்கொள்ள முடியுமா? மரப்பாலத்தை நாலு பேர் இழுத்துப் பின்வாங்கினால் போதும், 60 அடிப் பள்ளம் காவல் காக்கும். 1690இலிருந்து 1698வரை முகலாயப் படை கீழே கிடந்து முற்றுகையிட்டது. எட்டாவது ஆண்டில்தான் கோட்டை விழுந்தது.

உச்சியில் 7560 என்று எண் பொறித்த பீரங்கி ஒன்று கிடக்கிறது. அதன்மேல் ஏறி உட்காராத பிள்ளை இல்லை. கல்லில் பீரங்கி செய்ய முடியுமா என்று கேட்டேன். அவள் இரண்டாக ஒடிந்த சாக்பீஸை எடுத்துப் பார்த்துவிட்டு முடியாது என்றாள். சரியான விடை. மருந்து உள்ளே வெடிக்கும்போது குழாயை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். அது முழுக்க இழுப்பு. உலோகம் தாங்கும், கல் தெறித்துவிடும். அதேபோல் குண்டு வந்து மோதும்போது வெறும் கல்சுவரும் சில்லு சில்லாக உடையும். கீழே பெருமதிலை இரண்டு முகத்துக்கும் கல் வைத்து நடுவே மண்ணும் உடைகல்லும் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள். மண்ணுக்கு உடைவது என்பதே கிடையாது. அடியை வாங்கி அப்படியே அமுங்கிக்கொள்ளும்.

திரும்பும்போது பஸ்ஸில் தாளை மடியில் விரித்து நிரப்பினாள். குலுங்கியதால் எழுத்து மேலும் கீழும் போயிருந்தது. கல்லுக்கு நேரே 'கடினம்' என்பதை அடித்துவிட்டு 'நசுங்காது, ஆனா ஒடியும்' என்று எழுதியிருந்தாள். கடைசி வரிசையில் மரம். பண்பு என்ற கட்டத்தில் 'இழுத்துக்கலாம்'. பயன் என்ற கட்டத்தில் 'பாலம் இல்லாம பண்ண'.