முள்ளும் கிருபையும்

துன்பத்தில் கிடப்பவர் வீட்டுக்குப் போய், "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டு வருவது நம் நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழக்கம். சொல்பவருக்கு அதில் செலவு ஒன்றும் இல்லை. கேட்பவரோ தம் வியாதியோடு அந்த வாசகத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிறது. பலவீனத்திலே பலம் உண்டு என்று கிறிஸ்தவர்கள் பேசுவதையும் இந்த ரகத்து ஆறுதல்களில் ஒன்றாகவே பலர் கருதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு முதன்முதலாக எந்தச் சந்தர்ப்பத்தில் எழுந்தது என்று விசாரித்தால், அது அவ்வளவு மலிவான சரக்கு இல்லை என்பது தெரியவரும்.

கிரேக்க தேசத்துக் கொரிந்து பட்டணம் இரண்டு துறைமுகங்களால் கொழுத்த வியாபார ஸ்தலம். அங்கே அப்போஸ்தலராகிய பவுல் ஸ்தாபித்த சபைக்குள், அவர் இல்லாத சமயம் பார்த்து வேறு சில உபதேசிகள் நுழைந்து, தங்கள் நாவன்மையையும் சிபாரிசு நிருபங்களையும் காட்டி, பவுலோ ஆளைப் பார்த்தால் அற்பர், வாயைத் திறந்தால் அதைவிட அற்பர் என்று ஏளனம் செய்தார்கள். அதற்கு மறுமொழியாகத் தம் பெருமைகளை எடுத்துரைக்கப் புகுந்த பவுல், யூதரிடம் ஐந்து முறை சவுக்கடி பட்டதையும், மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும், தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து கூடையில் வைத்து இறக்கப்பட்டு உயிர் தப்பியதையும் வரிசையாக அடுக்குகிறார்! பதவிக்கு விண்ணப்பம் போடுகிறவன் எழுதத் துணியாத ஜாபிதா அது. அதன் முடிவிலேதான் தம் சரீரத்தில் தைத்திருக்கும் ஒரு முள்ளைப் பற்றிச் சொல்லி, அதை நீக்கிவிடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் மன்றாடியதையும், முள் நீங்காமலே, கிருபை போதும், பலவீனத்திலே பலம் பூரணமாய் விளங்கும் என்ற பதில் மட்டும் கிடைத்ததையும் எழுதுகிறார்.

அந்த முள் எது என்பதைப் பற்றி வேத பண்டிதர்கள் கண்ணோய் என்றும், முறைக்காய்ச்சல் என்றும், காக்கை வலிப்பு என்றும் தர்க்கித்து ஓய்ந்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பவுல் துன்பத்தை விரும்பி வரவழைத்துக் கொண்டவர் அல்லர். போய்விட வேண்டுமென்று ஒரு தரத்துக்கு மூன்று தரம் கேட்டவர். வேதனையையே ஒரு புண்ணியமாகப் போற்றுகிற பிரசங்கிகள் இந்த மூன்று மன்றாட்டுக்களையும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பலவீனத்திலே பலம் என்ற இந்தச் சித்தாந்தத்துக்கு மாம்சமும் எலும்புமாக ஒரு விளக்கம் வேண்டுமானால், வேலூரைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, ஸ்திரீகளுக்கு வைத்தியம் செய்யும் துறையில் உயர வேண்டுமென்ற ஆசையோடு பணியாற்றி வந்தவர், கொச்சி நாட்டில் 1925-இல் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ஆம் ஆண்டில் சக மருத்துவர்களோடு அவர் உல்லாசப் பயணம் சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு சேதமாகி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

இந்த நிலை எத்தகையது என்பதை நடமாடுகிறவர்கள் சுலபமாக ஊகிக்க முடியாது. நடக்க இயலாமை அதில் ஒரு சிறு பங்குதான். உணர்ச்சியற்ற தோல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் புண்ணாகி எலும்பு வரை அரித்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நடுநிசியிலும், யாராவது வந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மலஜலம் கழிப்பது தன் வசத்தில் இராது. மூத்திரப்பையில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வரும். செயலற்ற கால்கள் திடீர் திடீரென்று தாமாகவே வெட்டி இழுக்கும். நேற்றுவரை பிறர் படுக்கையருகே நின்ற வைத்தியர் இன்று அந்தப் படுக்கையில் கிடந்து, பிறர் கைகளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. குணமாக வேண்டுமென்ற பிரார்த்தனைகளுக்கு அன்று குறைவே இல்லை. கால்கள் திரும்பி வரவில்லை.

அதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்திப் புகழ் பெற்றிருந்தவர், கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிகளின் மகனாக வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட். பெருவியாதிக்காரர்களின் விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயற்கை என்று உலகம் நம்பியிருக்க, உணர்ச்சி நரம்புகள் செத்துப்போவதே மூலகாரணம், மற்றதெல்லாம் அதனால் விளையும் காயங்கள் என்று அவர் கண்டார். இரவில் படுத்த நோயாளி காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமற்போயிருக்கும் விந்தையை விசாரித்தபோது, உறங்குகிறவனின் உணர்வற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்களாம். இன்னொரு சமயம், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திண்டாடியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று அவன் கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு தெரியக் கிழித்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே தெரியாது. நோகாதவனுடைய பலம் அது. வலி மனிதனுக்குத் தெய்வம் அளித்த கொடை என்று பிராண்ட் பிற்காலத்தில் எழுதியதெல்லாம் இத்தகைய கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான். (புற்றுநோயில் துடிப்பவரிடம் போய் இந்தத் தத்துவத்தைப் பேசலாகாது, பிறர் வலியைத் தணிப்பதே பிராண்டுக்கும் தொழிலாக இருந்தது.)

பூட்டைத் திறந்த சிறுவனின் பலத்தையும், கொரிந்து உபதேசிகள் மெச்சிக்கொண்ட பலத்தையும் நான் ஒரே ஜாதியில் சேர்ப்பேன். தன் காயத்தை அறியாத பலம் பிறர் உதவியை நாடாது. நாடாததனால் பெறவும் பெறாது. மேரி வர்கீஸுக்கு அந்த வசதி இல்லை. கால்கள் போனாலும் கைகள் இருக்கின்றன, கைகளுக்குச் செய்யும் சத்திர சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் அவரைத் தூண்டினார், அவர் தயங்கினார், பிறகு சக்கர நாற்காலியில் தொழுநோயாளிகளிடம் வந்து சேர்ந்தார். முழங்கை நரம்பு கெட்டுப் பருந்தின் நகம்போல் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதற்காக, முன்கையில் நன்றாயிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, நாலாக வகிர்ந்து விரல்களோடு இணைக்கும் நுட்பமான வேலை அது. இணைத்த பிறகும், புதிய நாணைக் கொண்டு விரலை அசைப்பது எப்படி என்று மூளை பழகும் வரை, வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். இனி நமக்கு என்ன இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்த நோயாளிகள், தங்களைவிட அதிகம் இழந்த ஒருவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டபோது, திடகாத்திரமான டாக்டர்கள் எத்தனை புத்திமதி சொல்லியும் வராத நம்பிக்கை அவர்களுக்கு வந்தது.

மேரி வர்கீஸின் மனோதிடத்தை மட்டும் புகழ்ந்து இந்தச் சரித்திரத்தைச் சொல்வது சுலபம். ஆனால் அது பாதி உண்மையே. இரவில் புரட்டிவிட்ட தாதிமார், விடாமல் தூண்டிய பிராண்ட், சுயமாக இயங்கப் பழக்கிய ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி, புனர்வாழ்வு வைத்தியம் கற்பித்த நியூயார்க் நகரத்து டாக்டர் ஹோவார்ட் ரஸ்க் ஆகிய எல்லோருடைய கைகளும் அதில் கலந்திருக்கின்றன. பவுலுக்குப் போதும் என்று சொல்லப்பட்ட கிருபை ஆகாயத்திலிருந்து நேரே இறங்க வேண்டுமென்பதில்லை. பெரும்பாலும் அது மனிதர் கைவழியாகவே வந்து சேருகிறது என்பது என் அபிப்பிராயம். கை நீட்டிப் பெற்றுக்கொள்ளக் கூசாதவர்களுக்கே அது கிடைக்கிறது. நம்மில் பலருக்கு நோயைவிட அந்தக் கூச்சத்தைத் தாங்குவதுதான் கஷ்டம்.

தாயகம் திரும்பிய மேரி வர்கீஸ், 1963-இல் வேலூரில் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். படுக்கை வசதியோடு கூடிய அத்தகைய பிரிவு இந்தியாவில் அதுவே முதலாவது. 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அதற்கென்று ஒரு நிலையமே எழுந்தது. 1972-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார்.

மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து, அல்லது லாரி மோதி, முதுகுத் தண்டு ஒடிந்தவர்கள் இன்றும் பாகாயத்துக்கு வருகிறார்கள். நோயாளிக்கு மட்டுமின்றி, கூட வந்த மனைவிக்கோ தாய்க்கோ தம்பிக்கோ, புரட்டிப் படுக்க வைப்பது முதல் மூத்திரக் குழாய் வைப்பது வரை அங்கே கற்றுக் கொடுக்கிறார்கள். ஊருக்குப் போனபின் அந்த வீட்டார்தாம் செய்தாக வேண்டும். ஒரு காலத்தில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் "ரிஹாப் மேளா" என்ற பெயரில் கூடுவதும் உண்டு. புண் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டர்கள் பரிசோதிப்பது ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன.