சக்கரத்திற்கு எவ்வளவு எடை வேண்டும்?

உழுத வயலைச் சமன் செய்யும் உழவர் பரம்புப் பலகையின்மீது ஏறி நிற்பதை நாம் அனைவரும் அறிவோம். வெறும் பலகை கட்டிகளின்மேல் தாவிச் செல்லும்; ஆள் நின்றால்தான் கட்டி உடையும். தறியில் அமரும் நெசவாளரும் இவ்வுண்மையை வேறு வகையில் அறிவார். பாவு தளர்ந்தால் துணி கெடும். மிகுதியாக இறுகினால் இழை அறும். டிராக்டரின் சக்கரமும் இந்த விதிக்கு உட்பட்டதே. அதன்மேல் எடை குறைந்தாலும் நஷ்டம், மிகுந்தாலும் நஷ்டம்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் மணிலாவும் விளையும் நிலங்களில் இன்று சிறு டிராக்டர்களே பெரும்பாலான உழவை முடிக்கின்றன. அங்கத்தினர்களில் பலர் டிராக்டரைச் சொந்தமாக வைத்திருப்பவர் அல்லர். மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்துபவர். ஆதலின் சக்கரம் வழுக்கிச் சுற்றும் நேரத்திற்கும் அவர்களே பணம் கொடுக்கிறார்கள். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழுக்கலின் விலை

கலப்பை மண்ணைப் பிடித்து இழுக்கும்போது பின்சக்கரம் ஓரளவு வழுக்குவது இயல்பு. உழவு நிலத்தில் இந்த வழுக்கல் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருந்தால் குற்றமில்லை. அதுவே முப்பதானால், நூறு சுற்றில் முப்பது சுற்று வீணாகிறது. வழுக்கல் 12 சதவீதமாக இருக்கையில் ஒரு மணி நேரத்தில் முடியும் உழவுக்கு, 30 சதவீதத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். டீசலும் வீண், டயரின் பற்களும் தேயும், வாடகையும் கூடும்.

அளந்து அறியும் முறை

இதனை அளக்க ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஓர் அளவு நாடாவும் போதும். பின்சக்கரத்தில் ஒரு கோடு இடுக. கலப்பையைத் தூக்கிய நிலையில், உழ வேண்டிய அதே நிலத்தில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை ஓட்டி, சென்ற தூரத்தை அளக்க. பின்னர்க் கலப்பையை இறக்கி, உழுதபடியே பத்துச் சுற்று ஓட்டி மீண்டும் அளக்க. முதலில் 40 மீட்டரும் அடுத்து 34 மீட்டரும் வந்தால், இழந்தது 6 மீட்டர். வழுக்கல் 15 சதவீதம். 28 மீட்டரே வந்தால் வழுக்கல் 30 சதவீதம். எடை ஏற்றுவது அவசியம்.

நாடா இல்லாதவர் டயரின் தடத்தைப் பார்த்தே அறியலாம். பற்களின் அச்சு முழுவதும் அழிந்து மண் வாரப்பட்டிருந்தால் எடை போதாது. அச்சு வெட்டியெடுத்ததுபோல் தெளிவாக இருந்தால் எடை மிகுதி. ஓரம் தெளிந்தும் நடு சற்றுக் கலைந்தும் இருந்தால் எடை சரி.

நீரும் இரும்பும்

முற்காலத்து டிராக்டர்கள் இரும்புச் சக்கரங்களோடு ஓடின. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்று டயர் பொருத்திய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டயர் வந்ததும் வேகம் கூடியது. வண்டியின் எடை குறைந்தது. அதனால் வழுக்கல் என்னும் வினாவும் எழுந்தது. ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று முனை இணைப்பு, கலப்பையின் இழுவிசையில் ஒரு பங்கைப் பின்சக்கரத்தின்மேல் அழுத்தமாக மாற்றி, சிறு டிராக்டருக்கும் பிடிப்பைத் தந்தது. சென்னையில் 1960இல் தோன்றிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் கூட்டுறவோடு தயாரித்த டிராக்டர்கள் வழியாக இம்முறை நமது வயல்களுக்கும் வந்தது. எனினும் வறண்ட கட்டாந்தரையில் சட்டிக் கலப்பையை இழுக்க இது மட்டும் போதுவதில்லை.

எடை ஏற்ற இரு வழிகள் உண்டு. ஒன்று, சக்கரத்தின் நடுவில் இரும்பு வளையங்களைப் பூட்டுதல். வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பது இதன் சிறப்பு. மற்றொன்று, டயரின் டியூபில் நீர் நிரப்புதல். இதற்குச் செலவு சொற்பம். சக்கரத்தை ஜாக்கியால் சற்றே தூக்கி, வால்வு உச்சியில் நிற்குமாறு திருப்பிக் காற்றை வெளியேற்றி, உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் மூலம் நீரைச் செலுத்த வேண்டும். இடையிடையே குழாயை எடுத்து உள்ளிருக்கும் காற்றை விட வேண்டும். நீர் வால்வு மட்டத்திற்கு வந்ததும் நிறுத்துக. அப்போது டயரில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர் இருக்கும். எஞ்சிய கால் பங்கில், கையேடு கூறும் அளவுக்குக் காற்றடைக்க வேண்டும். அந்தக் காற்றே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை. ஆதலின் முழுவதும் நீர் நிரப்புதல் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எத்தனை லிட்டர் சென்றதென்று குடத்தால் எண்ணினால் ஏறிய எடை தெரியும். இரு சக்கரத்திலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பர். நமக்கு அது தேவையில்லை. டியூப் கசிந்தால் அவ்வுப்பு சக்கரத்தின் இரும்பை அரித்துவிடும். உவர்ப்பான கிணற்று நீரையும் தவிர்த்தல் நன்று.

எடை ஆகாத இடங்கள்

சேற்றுழவில் ஏற்றிய எடை டிராக்டரைப் புதைக்கும். அங்கே வேண்டுவது அகன்ற இரும்புக் கூண்டுச் சக்கரம். ஈரம் உலராத கரிசலில் கனத்த சக்கரம் ஏறினால் மேல்மண்ணின் கீழே இறுகிய படலம் உண்டாகி, வேரும் நீரும் இறங்கத் தடையாகும். அத்தீங்கு ஒரு பருவத்தில் நீங்காது. சுழல் கலப்பைக்கும் கூடுதல் எடை பெரும்பாலும் தேவையில்லை. அதன் கத்திகளே வண்டியை முன்னே தள்ளும். ஆகவே வேலை முடிந்ததும் எடையை இறக்குவதும் தொழிலின் ஒரு பகுதியே.

சரிவில் உயிர்க் காப்பு

கச்சிராயபாளையத்திலிருந்து ஏறினால் கல்வராயன் மலை தொடங்குகிறது. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம் உடையவை. இம்மலைச் சரிவுகளில் எடை என்பது டீசல் கணக்கு மட்டுமன்று, உயிர்க் கணக்கு.

சக்கரத்துள் இருக்கும் நீர் தாழ்வான இடத்தில் நிற்பதால் வண்டியின் நிலைப்பு கூடும். மட்கார்டின்மேல் ஆட்களை உட்கார்த்துவதும் மூட்டைகளை அடுக்குவதும் இதற்கு நேர்மாறானவை. எடை மேலே ஏற ஏறக் கவிழும் அபாயம் மிகும். மனிதனை எடைக்கல்லாக்குவது ஒருபோதும் தகாது.

பாரம் இழுக்கையில் முன்சக்கரத்தின் சுமை பின்னே மாறும். மேட்டில் அது மேலும் மாறும். முன்பக்கம் தூக்கிக்கொண்டால் ஸ்டீயரிங் பயன்படாது. கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்னோக்கிக் கவிழக்கூடும். எனவே கரும்பு டிரெய்லரைத் தாழ்ந்த இழுவைக் கொக்கியிலேயே மாட்டுக. முன்பக்கம் எடைக் கட்டைகளைப் பொருத்துக. அச்சிலோ அதற்கு மேலேயோ சங்கிலி கட்டி எதையும் இழுக்கலாகாது. சேற்றில் புதைந்த சக்கரத்தில் மரக்கட்டை கட்டி முன்னோக்கிக் கிளப்புவது பலரைப் பலி கொண்ட பழக்கம். பின்னோக்கி எடுப்பதோ வேறு வண்டியால் இழுப்பதோதான் வழி.

அங்கத்தினர்களுக்கு வேண்டுகோள்

டிராக்டர் வாடகைக்கு விடும் ஒவ்வொரு சங்கமும் வண்டியோடு ஓர் அளவு நாடாவும் ஒரு சிறு குறிப்பேடும் வைக்கலாம். எந்நிலத்தில், எக்கலப்பைக்கு, எவ்வளவு எடையில், எத்தனை சதவீதம் வழுக்கியது என்று ஓட்டுநர் எழுதி வந்தால், ஓராண்டில் அந்த ஊருக்கே உரிய அட்டவணை கிடைத்துவிடும். வாடகைக்கு அமர்த்துவோரும் முதல் பத்துச் சுற்றை அளந்து பார்க்கக் கூச வேண்டியதில்லை. ஓட்டுநரைக் குறை கூறுவதற்கன்று இந்த அளவு. அவருடைய உயிருக்கும் நமது மண்ணுக்கும் பணத்துக்கும் ஒருசேரக் காவலாகவே இதனைப் பரிந்துரைக்கிறோம்.