381 மீட்டர்

செஸ்னா 172 என்பது நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த விமானமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

அதன் 'என்' ரகக் கையேடு தரும் தரையிறங்கு தூரம் 381 மீட்டர். 15 மீட்டர் உயரத் தடையைக் கடந்து முழுதாக நிற்கும் வரையிலான தூரம் அது. அதில் 223 மீட்டர் காற்றில் கழிகிறது. 158 மீட்டர் தரையில் ஓடுகிறது. இந்த எண்ணுக்கு நிபந்தனைகள் உண்டு: கடல் மட்டம், 15 டிகிரி வெப்பம், காற்று இல்லை, சமதளமான உலர்ந்த தளம், சரியான வேகம், முழு பிரேக்.

பிரிட்டனின் கிராமப்புறத்தில், வயல்களுக்கு நடுவே, 600 மீட்டர் நீளமுள்ள ஒரு புல் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். கையேட்டின்படி 219 மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும்.

அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்கான பாதுகாப்புக் குறிப்பேட்டில் சில பெருக்கெண்களைத் தந்திருக்கிறது. உலர்ந்த புல்லுக்கு 1.15. ஈரப்புல்லுக்கு 1.35. 2 சதவீத இறக்கத்துக்கு 1.10. பின்காற்று, அதாவது விமானத்தின் பின்னாலிருந்து வீசும் காற்று, தரையிறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் 1.20. இவற்றைக் கூட்டக் கூடாது. ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

ஈரப்புல்லில் 381 மீட்டர் 514 ஆகிறது. இறக்கமும் சேர்ந்தால் 566. பின்காற்றும் சேர்ந்தால் 679. விமானி எந்தத் தவறும் செய்யவில்லை. பாதை 79 மீட்டர் போதவில்லை.

குறிப்பேடு இதற்கு மேல் 1.43 என்ற பாதுகாப்புப் பெருக்கெண்ணையும் தருகிறது. அதையும் சேர்த்தால் 971 மீட்டர். பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கு அத்தகைய கூடுதல் தூரம் கட்டாயம். சொந்த விமானத்தில் பறப்பவருக்கு அது பரிந்துரை மட்டுமே.

ஒட்ட வெட்டிய புல் நல்ல பராமரிப்பாகத் தெரியும். அது ஈரமாக இருந்தால் தூரம் 60 சதவீதம் வரை கூடலாம் என்கிறது அதே குறிப்பேடு. அப்படியானால் 610 மீட்டர். இதற்கு மழை பெய்திருக்க வேண்டியதில்லை. காலைப் பனியே போதும்.

இனி விமானியின் பங்கு. இறக்கமான பாதையை மேலிருந்து பார்க்கும்போது, தான் தாழ்ந்து வருவதாகக் கண் நம்பும். விமானி உயரத்தைக் கூட்டிக்கொள்வார். வழக்கமான 3 டிகிரிச் சரிவில் பாதைத் தொடக்கத்தை 5 மீட்டர் கூடுதல் உயரத்தில் கடந்தால், தரை தொடும் இடம் 95 மீட்டர் தள்ளிப் போகும்.

கடைசிக் கட்டத்தில் இந்த விமானத்தின் வேகம் சுமார் 60 நாட், அதாவது மணிக்கு 111 கிலோமீட்டர். வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். அந்த ஆற்றல் எங்காவது கரைய வேண்டும். பெரும்பாலும் அது காற்றிலேயே கரைகிறது. இரு இறக்கை நுனிகளுக்கு இடையிலான நீளத்தை விடக் குறைவான உயரத்தில் காற்றின் இழுவை குறைகிறது. இதற்குத் தரை விளைவு என்று பெயர். விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். 6 நாட் பின்காற்றும் இருந்தால், மிதக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 30 மீட்டருக்கு மேல் பாதை கழியும்.

மிதப்பு 6 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 200 மீட்டர். வழக்கமான 223 மீட்டரோடு சேர்த்தால் சக்கரம் தரை தொடுவது 423-வது மீட்டரில். எஞ்சியது 177 மீட்டர். ஈரப்புல்லால் கூடும் தூரம் முழுதும் தரையோட்டத்தில்தான் என்பதால், தரையில் ஓடத் தேவையானது 291 மீட்டர். பின்காற்றையும் இறக்கத்தையும் இதில் சேர்க்கவில்லை. வேகம் சீராகக் குறைந்தாலும், தரை தொட்டபோது இருந்த வேகத்தில் 60 சதவீதத்துக்கு மேல் பாதை முடியும் இடத்தில் எஞ்சியிருக்கும். அதற்கப்பால் வேலி, பள்ளம், மரம்.

இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறலாம். அந்த வழி தொடக்கத்தில் திறந்திருக்கிறது. ஆனால் வேகத்தைக் குறைப்பதற்காக முழுதும் இறக்கிய ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்மடல், ஏறும் திறனையும் குறைக்கிறது. ஈரப்புல் மேலெழும் ஓட்டத்தையும் நீட்டுகிறது. அதற்கான பெருக்கெண் 1.30. பாதை போதாது என்பது பிரேக்கை மிதித்த பிறகுதான் உறுதியாகிறது. அப்போது மேலேறவும் பாதை போதாது.

ஜூலையின் உலர்ந்த புல்லில் இதே விமானத்துக்கு 438 மீட்டர் போதும். கோடை முழுக்க 600 மீட்டர் பாதையில் 162 மீட்டர் மிச்சம் இருந்திருக்கும். அக்டோபரில் அதே பாதைக்குத் திரும்பும் விமானிக்கு இருக்கும் அனுபவம் அந்த 162 மீட்டரின் அனுபவம்.