கேசர் காப்பியமும் அதை நாவில் சுமப்போரும்

திபெத்தியப் பீடபூமியின் மேய்ச்சல் நாட்டில் கேசர் என்னும் அரசனைப் பற்றிப் பாடப்படும் காப்பியம், இன்றும் வாய்மொழியாக வழங்கிவரும் உலகக் காப்பியங்களுள் மிக நீண்டதாகக் கருதப்படுகிறது. லிங் நாட்டில் ஜோரு என்ற பெயரோடு ஏழ்மையில் வளர்ந்த சிறுவன் ஒருவன், குதிரைப் பந்தயத்தில் வென்று அரியணையையும் துருக்மோ என்ற பேரழகியையும் அடைந்து, வடதிசைப் பேய்நாட்டையும் அதன்பின் ஹோர், ஜாங், மோன் ஆகிய நாடுகளையும் அடக்குவது இதன் நடுக்கதை. அதைத் தொடர்ந்து பதினெட்டுப் பெருங்கோட்டைகளை வெல்லும் போர்களும், அவற்றிலிருந்து கிளைக்கும் எண்ணற்ற சிறு போர்களும் வருகின்றன. கோட்டைகளின் எண்ணிக்கை பாடுவோருக்குப் பாடுவோர் வேறுபடுவதால், காப்பியத்தின் முழு அளவு இதுதான் என்று எவராலும் வரையறுத்துக் கூற இயலாது.

திபெத்திய மொழியில் காப்பியக் கதைக்குத் துருங் என்று பெயர். அதைக் கற்ற முறையைக் கொண்டே பாடுவோரை வகைப்படுத்துவர். பிறர் பாடக் கேட்டுக் கற்றவரின் கதை ‘கேட்ட கதை’ எனவும், ஏட்டைப் பார்த்து ஓதுபவரின் கதை ‘ஓதும் கதை’ எனவும் வழங்கப்பட, இவ்விரண்டினும் உயர்வாக மதிக்கப்படுவது பாப்-துருங், அதாவது ‘இறங்கிவந்த கதை’. இவ்வகையினர் பெரும்பாலும் எழுத்தறியாத மேய்ப்பர்கள். சிறுவயதில் ஆடு மேய்க்கும்போதோ நோயுற்றுக் கிடக்கும்போதோ கேசரின் வீரர்கள் கனவில் தோன்றினர் என்றும், விழித்தபின் சொற்கள் நெஞ்சில் நிறைந்து தாமாகவே வெளிப்பட முட்டின என்றும், லாமா ஒருவர் சடங்கு செய்து ‘கதையின் வாயிலைத்’ திறந்த பிறகே ஒழுங்காகப் பாட முடிந்தது என்றும் இவர்கள் கூறுவது வழக்கம். கேசரின் குதிரைக் குளம்பில் மிதிபட்டு இறந்த தவளை ஒன்று, அவன் வேண்டுதலால் மறுபிறவியில் கதை பாடுவோனாகப் பிறந்தது என்னும் தொன்மமும் இவர்களிடையே உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இவ்வளவு பெரிய கதையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்ற வினாவுக்கான விடையின் ஒரு பகுதி பாடலின் அமைப்பிலேயே உள்ளது. நிகழ்ச்சிகள் விரைந்த உரைநடையில் சொல்லப்பட, கதைமாந்தரின் பேச்சு மட்டும் பாட்டாக வருகிறது. பாட்டின் வரி பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு அசைகளைக் கொண்டது. ஒவ்வொரு பாட்டும் பொருளற்ற இசையசைகளோடு தொடங்கித் தெய்வத்தை அழைத்து, நிற்கும் இடம் எது, பாடும் வீரன் யார் என்று அறிமுகம் செய்துகொண்டு, அதன் பின்னரே பழமொழிகள் தழுவிய செய்திக்குள் நுழைகிறது. வீரர்களுக்குத் தனித்தனி மெட்டுகள் இருப்பதால், மெட்டைக் கேட்ட அளவிலேயே பாடுவது யார் என்று கூடியிருப்போர் அறிந்துகொள்வர். ஆகவே பாடுபவர் மனப்பாடத்தை ஒப்பிப்பவர் அல்லர். கைவந்த அச்சுகளில் கதையை அன்றன்று வார்த்தெடுப்பவர். ஒரே பகுதியை அவரால் ஓர் இரவில் முடிக்கவும் முடியும், பல நாள் நீட்டவும் முடியும்.

பாடுபவரின் தொப்பியும் கலையின் உறுப்பே. கழுகு முதலிய பறவைகளின் இறகுகளும் சங்கும் கண்ணாடியும் பதித்த அந்தக் கூம்புத் தொப்பியை இடக்கையில் ஏந்தி, அதன் உச்சி எந்த மலை, ஓரம் எந்தத் திசை என்று உலகையே அதில் காட்டி விளக்கிய பிறகே பலர் கதையைத் தொடங்குவர். வேறு சிலர் வெறுந்தாளையோ வெண்கலக் கண்ணாடியையோ உற்றுப் பார்த்து, அதில் காட்சிகள் தெரிவதாகச் சொல்லிப் பாடுவர்.

1966 முதல் 1976 வரை நீடித்த சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இக்காப்பியம் தடைசெய்யப்பட்டு ஏடுகள் அழிக்கப்பட்டன. ஆனால் மனத்தில் இருந்ததை எவராலும் எரிக்க முடியவில்லை. தடை நீங்கியபின் சாம்தோ பகுதியைச் சேர்ந்த டிரக்பா (1906–1986) என்ற எழுத்தறியாத முதியவர் லாசாவுக்கு அழைக்கப்பட்டு, இருபத்தைந்து பகுதிகளுக்குச் சற்று மேலாக ஒலிநாடாவில் பாடினார். அவை ஏறத்தாழ 6 லட்சம் வரிகள் எனக் கணக்கிடப்படுகின்றன. ஒரு லட்சம் சுலோகங்கள் கொண்டதாகச் சொல்லப்படும் மகாபாரதத்தை ஈரடிகளாக எண்ணினால் இரண்டு லட்சம் வரிகள்தாம் வரும் என்பதை நோக்க, ஒரு தனிமனிதரின் நாவில் இருந்த செல்வம் எத்தகையது என்பது விளங்கும். சாம்தோவைச் சேர்ந்த சம்டுப் என்பவரிடமிருந்தும் நாக்சூ பகுதிப் பெண்பாடகரான யுமேயிடமிருந்தும் இவ்வாறே நெடும்பதிவுகள் செய்யப்பட்டன. 2009-இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இப்பதிவுகள் இல்லாவிடில் அம்முதியவர்களின் குரல் அவர்களோடு மறைந்திருக்கும்; அந்த உழைப்பு போற்றத்தக்கது. எனினும் நாடாவில் பதிவது ஒரு நாளைய பாட்டே அன்றிப் பாட்டைப் படைக்கும் திறன் அன்று. யாக் மயிர்க் கூடாரத்தில், குளிர்கால இரவில், இன்ன பகுதியைப் பாடுக என்று கேட்போர் வேண்ட, அவர்கள் முகம் பார்த்து நீண்டும் சுருங்கியும் வந்த கதை, நகரத்து அறையில் கருவியின் முன்னே தனியே சொல்லப்படும்போது எதிர்க்குரலை இழக்கிறது. அச்சான நூல்கள் பெருகியதும் இளைஞர்கள் கேட்டுக் கற்பதைவிடப் படித்துக் கற்பது எளிதாயிற்று. கோலோக் பகுதியில் பள்ளி சென்ற சிலர், தம்முள் எழும் கதையைப் பாடாமல் நேரே எழுதிவிடுகின்றனர். இதைச் சிதைவு என்று மட்டும் தள்ளிவிட இயலாது, ஏனெனில் மரபு எழுத்துக்குள்ளும் புதிய கிளை விடுகிறது. ஆனால் கேட்போரின்றி அக்கிளை எவ்வளவு காலம் தழைக்கும் என்னும் கவலை நியாயமானதே.

முழுமையாகத் தொகுக்க விரும்பும் அறிஞருக்கும் பாடுவோருக்கும் இடையே ஓரிடத்தில் மட்டும் இணக்கம் எளிதில் ஏற்படுவதில்லை. கேசர் தன் கடமைகளை முடித்து வானுலகம் திரும்பும் இறுதிப் பகுதியைப் பாடினால் தம் வாழ்வும் அத்துடன் முடிந்துவிடும் என்று நம்பும் பாடகர் பலர், மற்றெல்லாக் கோட்டைகளையும் கருவியின் முன் மனமுவந்து பாடிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பாடாமலே வைத்துக்கொள்கின்றனர்.